பழைய படகுக்குப் புது வயரிங்: படகுத்துறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங்கிலும் பாகான் டத்தோ போகும் வழியிலுள்ள தோட்டங்களிலும், பெர்னாம் ஆற்றில் இறங்கவென்று பழைய படகு ஒன்றை வாங்கிப் போட்டவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு லோரி வயரிங் தெரியும், டிராக்டர் வயரிங்கும் தெரியும். சந்தேகங்கள் வருவதும் அங்கிருந்துதான்: லோரியில் பத்து வருடம் தாங்கும் வேலை, உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் ஆற்றில் ஒரு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்குவதில்லை.

கீழே உள்ளவை 18 முதல் 25 அடி வரையுள்ள, 12 வோல்ட்டில் ஓடும் மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும் பொருந்தும். லோரியிலிருந்து கழற்றிய 24 வோல்ட் சாமான் எதையும் இதில் கலக்க வேண்டாம்.

பழைய வயர்ல லைட்டு நல்லாத்தானே எரியுது? ஏன் எல்லாத்தையும் பிடுங்கணும்?

ஒரு முனையில் பத்து சென்டிமீட்டர் தோலை உரித்துப் பாருங்கள். செம்பு பளபளவென்று சிவப்பாக இருந்தால் அந்த வயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கறுத்திருந்தால் இன்னும் பத்து சென்டிமீட்டர் உரியுங்கள். பெரும்பாலும் அங்கேயும் கறுப்புதான். தண்ணீர் வெட்டுமுனை வழியாகப் புகுந்து, இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே ஏறிவிடும். வெளித்தோல் புதுசு மாதிரியே இருக்கும்.

இரண்டு வாட் விளக்கு அந்தக் கறுத்த வயரிலும் எரியும். படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கும், ஐந்து ஆம்பியர் இழுக்கும் பம்ப்பைப் போட்டால்தான் வயர் சூடாகும், பம்ப் முனகும். பழையதில் பாதியை வைத்துக்கொண்டு புதியதை அதில் ஒட்டுப்போடுவது மிக மோசமான வழி. நாளைக்குப் பழுது வந்தால் எந்தப் பாதியில் என்று தேடியே பொழுது போய்விடும்.

வீட்டுக்கு இழுத்த வயர் மிச்சம் இருக்கு. அதைப் போடலாமா? காடி (கார்) வயர்?

வீட்டு வயரில் செம்பு கெட்டியாக, ஒற்றைக் கம்பியாகவோ ஏழு தடித்த இழைகளாகவோ இருக்கும். சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது அது. இஞ்சின் அதிரும் படகில் திருகாணிக்குப் பக்கத்திலேயே ஒடிந்துவிடும். காடி வயர் மெல்லிய இழைதான், ஆனால் வெள்ளீயம் பூசாத வெறும் செம்பு. முதல் கேள்வியில் சொன்ன கறுப்பு அதில் சீக்கிரம் வந்துவிடும். வாங்க வேண்டியது, இழை ஒவ்வொன்றிலும் வெள்ளீயம் பூசிய படகு வயர்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஓர் இழையைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் நல்ல சரக்கு. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு முலாம் போட்ட அலுமினியம். காடியில் ஸ்பீக்கருக்கென்று மலிவாக விற்கும் வயர்களில் இது அதிகம். தடிமனாகத் தெரியும், தூக்கினால் எடை இருக்காது, உப்புக்காற்றில் பொடிப்பொடியாக உதிரும்.

எவ்வளவு மொத்தமான வயர் வேணும்? பார்வைக்கே தெரியாதா?

தெரியாது, கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட்டில் அரை வோல்ட் போனாலும் பெரிய இழப்பு. வீட்டில் 230 வோல்ட்டில் அதே அரை வோல்ட்டை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கணக்கு இதுதான்: போக வர மொத்த நீளம் (மீட்டர்) × ஆம்பியர் × 0.0175, அதை வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். வருவது எத்தனை வோல்ட் இழப்பு என்பது. பம்ப், வழிகாட்டி விளக்கு, ரேடியோ ஆகியவற்றுக்கு 3 விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உள்விளக்கு மாதிரி சாதாரண விஷயத்துக்கு 10 விழுக்காடு வரை பரவாயில்லை.

உதாரணத்துக்கு, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் பம்ப். போக வர 12 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயரில் 0.42 வோல்ட் போகும், அது அதிகம். 4 சதுர மி.மீ. வயரில் 0.26 வோல்ட், சரி. பலர் செய்யும் தப்பு, போகும் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு திரும்பி வரும் வயரை மறந்துவிடுவது. படகில் காடி மாதிரி இரும்பு பாடி கிடையாது. நெகட்டிவும் வயரிலேயே திரும்பி வர வேண்டும்.

ஸ்டார்ட்டருக்கும் இதே கணக்குதான். 200 ஆம்பியர், போக வர 4 மீட்டர், 35 சதுர மி.மீ. கேபிள் என்றால் 0.4 வோல்ட் இழப்பு. அதற்குக் குறைந்த கேபிள் போட்டுவிட்டு, காலையில் இஞ்சின் இழுக்கவில்லை என்று பேட்டரியைத் திட்டக் கூடாது.

ஃபியூஸ் எங்க வைக்கணும்? பம்ப் பக்கத்துலயா, பேட்டரி பக்கத்துலயா?

பேட்டரி பக்கத்தில், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அமெரிக்கப் படகுத் தரவிதியில் இது 7 அங்குலம். ஃபியூஸ் காப்பாற்றுவது பம்ப்பை அல்ல, வயரை. பம்ப் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் நடுவே ஆறு மீட்டர் வயர் காவலே இல்லாமல் கிடக்கும். அந்த வயர் எங்காவது தேய்ந்து நெகட்டிவோடு உரசினால், பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். தோல் உருகிப் பற்றிக்கொள்ளும், ஃபைபரும் நன்றாக எரியும்.

அளவு வயரைப் பொறுத்தது: 1.5 சதுர மி.மீ. என்றால் 10 ஆம்பியர், 2.5 என்றால் 15, 4 என்றால் 25. இவை மேல் எல்லை. சாமானை விற்ற கம்பெனி அதைவிடச் சின்ன ஃபியூஸ் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதைப் போடுவது, இருமல் வருகிறதென்று வாயைக் கட்டுவது மாதிரி. ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் பொதுவாக ஃபியூஸ் போடுவதில்லை. அதனால்தான் அந்தக் கேபிள் எங்கேயும் உரசாமல் குழாய்க்குள் போக வேண்டும்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

காகிதத்திலிருந்து. படகின் படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, எந்தச் சாமான் எங்கே, எத்தனை ஆம்பியர், பேட்டரியிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். பழைய வயர் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து, முனையில் டேப் சுற்றி எண் எழுதுங்கள். இஞ்சினிலிருந்து மீட்டர் பலகைக்கு வரும் கட்டு வயரில் இதைச் செய்யாமல் விட்டால், பிறகு நாள் கணக்கில் தேட வேண்டிவரும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் கடைசியில். மாட்டும்போது தலைகீழ். கழற்றும்போது பாசிட்டிவை முதலில் திருகினால், ஸ்பேனர் இஞ்சினில் பட்டதும் வெல்டிங் வேலை நடக்கும். பிறகு ஃபியூஸ் பெட்டி, நெகட்டிவ் எல்லாம் வந்து சேரும் பஸ்பார், மெயின் சுவிட்ச் ஆகிய மூன்றையும் எட்டும் உயரத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் பொருத்திவிட்டு, அங்கிருந்து வெளியே இழுங்கள்.

22 அடிப் படகுக்கு உத்தேசமாக 2.5 சதுர மி.மீ. இரட்டை வயர் 40 மீட்டர், 4 சதுர மி.மீ. 15 மீட்டர், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு 16 சதுர மி.மீ. நாலைந்து மீட்டர், 8 வழி ஃபியூஸ் பெட்டி ஒன்று, வயர் முனையில் மாட்டும் வளைய லக் 50, சூட்டில் சுருங்கி இறுகும், உள்ளே பசை உள்ள சுருங்குகுழாய், வயரைப் பிடித்து நிறுத்தும் பிடிப்புகள். பிடிப்பு 45 சென்டிமீட்டருக்கு ஒன்று. அடியில் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலேதான் வயர் போக வேண்டும். பலகையைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம்.

ஜாயிண்டுக்கு ஈயம் பத்த வைக்கறதுதானே பலம்?

படகில் அப்படி இல்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி, வயரின் ஒரு பகுதியை ஒற்றைக் கம்பியாக்கிவிடும். ஈயம் முடிகிற இடமும் இழை துவங்குகிற இடமும் சேரும் விளிம்பில் அதிர்வு வேலை செய்து ஒடித்துவிடும். வீட்டு வயர் ஒடிவதும் இதே காரணத்தால்தான். வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெயிலில் பசை இளகி, டேப் அவிழ்ந்து, உள்ளே பச்சைப் பூ பூத்திருக்கும்.

சரியான வழி இது. வயரில் லக்கின் குழல் ஆழத்துக்கு மட்டும் தோலை உரியுங்கள், சுமார் 7 மி.மீ. ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. சுருங்குகுழாயை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். லக்கை மாட்டியபிறகு ஞாபகம் வந்தால், வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். லக்கைச் செருகி, பாதியில் விட முடியாத பல்சக்கரக் கைக்கருவியால் அழுத்துங்கள். சாதாரணக் குறடால் நசுக்கினால் தட்டையாகுமே தவிரப் பிடிக்காது. பிறகு வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அந்த லக் குப்பைக்கு. கடைசியில் குழாயைச் சூடாக்கினால், இரண்டு முனையிலும் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கும். அந்த வளையம் தெரிந்தால்தான் தண்ணீர் போகாது.

பிளந்த வாய் லக்கை விட வளைய லக் மேல். திருகாணி தளர்ந்தாலும் வளையம் கழன்று விழாது. ஒரு திருகாணியில் நாலு லக்குக்கு மேல் அடுக்க வேண்டாம்.

ஒரு பேட்டரி போதாதா?

இஞ்சினைக் கயிறு இழுத்தோ கையால் சுழற்றியோ கிளப்ப முடிந்தால் போதும். முடியாதென்றால் இரண்டு வேண்டும்: ஒன்று ஸ்டார்ட்டருக்கு மட்டும், ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும். ராத்திரி ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கப் போகிற படகுக்குக் கணக்குப் போடுவோம். எல்இடி வழிகாட்டி விளக்குகள் 0.4 ஆம்பியர், 10 மணி நேரம்: 4. எல்இடி மேல்தட்டு விளக்கு 1.7 ஆம்பியர், 6 மணி நேரம்: 10. மீன் பார்க்கும் கருவி 4. கைப்பேசி 4. பம்ப் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக: 2. மொத்தம் 24 ஆம்பியர்-மணி. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே குறைந்தது 48, கொஞ்சம் தாராளமாக 70. வழிகாட்டி விளக்கில் பழைய 25 வாட் பல்ப் மூன்று இருந்தால், அவை மட்டுமே ஒரு ராத்திரிக்கு 60-க்கு மேல் குடித்துவிடும்.

லோரிக்கு விற்கும் என்70 பேட்டரியை இந்த இரண்டாவது இடத்தில் வைத்தால் சில மாதங்களில் படுத்துவிடும். அதன் தகடுகள் மெல்லியவை, ஒரு தடவை பெரிதாக இழுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறுவதற்கென்று செய்தவை. ஆழமாக இறங்கி ஏறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேட்டரியும் அசையாமல் கட்டப்பட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது.

1, 2, ரெண்டும்னு இருக்கற சுவிட்சை இஞ்சின் ஓடும்போது திருப்பலாமா?

எந்தப் பேட்டரியிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் அது. அணைக்கும் இடத்தைத் தாண்டாமல் திருப்பலாம். ஒரு கணம் அணைந்தாலும், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் போக இடமில்லாமல் வோல்ட் எகிறி, உள்ளே டையோடு போய்விடும். இந்தக் கவலையே வேண்டாமென்றால், வோல்ட்டைப் பார்த்துத் தானே சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் நடுவே போடுங்கள். சார்ஜ் ஏறி சுமார் 13.3 வோல்ட் ஆனதும் சேர்க்கும், இறங்கியதும் பிரிக்கும். மறந்துபோகிற மனிதர்களுக்கு இதுதான் தோது, அதாவது எல்லாருக்கும்.

மெயின் சுவிட்சை அணைச்சுட்டு வீட்டுக்குப் போனேன். மழையில படகு பாதி முங்கிக் கிடக்கு. பம்ப் ஏன் ஓடலை?

பம்ப்பையும் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்றுதான் மெயின் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டிய சாமான், அதற்கென்று தனி ஃபியூஸோடு. மூன்று நிலை சுவிட்ச் போடுங்கள்: தானாக, கையால், அணை. 'தானாக' என்பதில், தண்ணீர் ஏறினால் மிதந்து பம்ப்பைக் கிளப்பும் மிதவைச் சுவிட்ச் வேலை செய்யும். மிதவையை மாதம் ஒரு தடவை கையால் தூக்கிப் பாருங்கள். இலையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது ஒட்டிக்கொள்வது சகஜம்.

பம்ப் ஜாயிண்ட் தண்ணீரிலேயே கிடக்கும் படகுகள்தான் அதிகம். பம்ப்போடு வரும் வயர் குட்டையாக இருக்கும், அதனால் அப்படி. அதை மேலே தூக்கிக் கட்டி, தண்ணீர் தொடாத உயரத்தில் இணையுங்கள்.

சிவப்பு எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம்? ஆத்துக்குள்ளயும் தேவையா?

வழிகாட்டி விளக்கில், முன்பக்கம் பார்த்து நின்றால் இடது சிவப்பு, வலது பச்சை. 1972-ஆம் ஆண்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி 12 மீட்டருக்குக் குறைந்த படகு, இந்த இரண்டோடு சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு போட்டால் போதும். சிவப்பும் பச்சையும் ஒரு கடல் மைல் தூரத்துக்கும், வெள்ளை இரண்டு கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். கடலோடு சேர்ந்து கப்பல் போகக்கூடிய ஆற்றுக்கும் அதே விதிதான். விடியலில் மீன்பிடிப் படகுகள் வேகமாக இறங்கும் ஆற்றுவாயில் இது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

பச்சைக் கண்ணாடிக்குள் சாதாரண வெள்ளை எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் நீலமாகத் தெரியும். எல்இடிக்கென்றே செய்த முழு விளக்கை வாங்குங்கள். மலிவான எல்இடி சில, ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேட்டரியில 12.6 காட்டுது, பம்ப் மட்டும் மெதுவா சுத்துது. பம்ப் கெட்டுப் போச்சா?

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், இன்னொன்றைப் பம்ப்பின் பாசிட்டிவ் இணைப்பிலும் வையுங்கள். காட்டுவது பாசிட்டிவ் வழியில் தொலையும் வோல்ட். நெகட்டிவ் பக்கமும் அப்படியே. இரண்டையும் கூட்டி, மேலே வயர் அளவுக்குச் சொன்ன 0.36-ஐத் தாண்டினால் பம்ப் மேல் தப்பில்லை.

பிறகு ஒரு முனையை நகர்த்திக்கொண்டே வாருங்கள்: ஃபியூஸுக்கு முன், பின், சுவிட்சுக்கு முன், பின். எண் சட்டென்று குதிக்கும் இடத்தில்தான் பழுது. பெரும்பாலும் ஃபியூஸ் பிடிக்கும் கவ்வியிலோ நெகட்டிவ் பஸ்பாரிலோ இருக்கும். பம்ப் ஓடாமல் அளந்தால் எல்லாம் நன்றாகவே காட்டும், ஏனென்றால் ஆம்பியர் ஓடாமல் வோல்ட் தொலையாது.

ஒரு வாரம் சும்மா கிடந்தா பேட்டரி தீர்ந்துடுது. எங்க ஒழுகுது?

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் இடத்தில் வைத்து மாட்டுங்கள். அப்போது ஸ்டார்ட்டரைத் தொட்டுவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். ஒன்றுமே போட்டிராத படகில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வழிதான். சுவிட்சுக்குள் கட்டெறும்புக் கூடு, செம்பனைத் தோப்பிலிருந்து வந்த எலி கடித்த வயர், ஈரம் புகுந்த மிதவைச் சுவிட்ச் என்று காரணம் பலவாக இருக்கும்.

மரப்படகு. அடியில இருக்கற பித்தளைச் சாமான் பக்கத்துல மரம் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. வயரிங்குக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டு வழியில். முதல் வழி ஒழுக்கு: பாசிட்டிவ் வயர் ஒன்று அடித்தண்ணீரில் கிடந்தால், அங்கிருந்து மின்சாரம் தண்ணீர் வழியாகப் பித்தளைக்குப் போய், உலோகத்தைத் தின்னும். மேலே சொன்ன மில்லி ஆம்பியர் சோதனையை அடியில் தண்ணீர் இருக்கும்போதே செய்யுங்கள். காய்ந்த படகில் இந்த ஒழுக்கு காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. துருப்பிடிக்காமல் காக்க மாட்டும் துத்தநாகக் கட்டியை அளவுக்கு மீறி மாட்டி, எல்லா உலோகத்தையும் அதோடு வயரால் கட்டினால், காக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகும். அந்தக் காரம் மரத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் பொருளைக் கரைத்து, நாராக்கிவிடும். உலோகம் பளிச்சென்று இருக்கும், சுற்றியுள்ள மரம் விரலால் குத்தினால் உள்ளே போகும். மரப்படகில் குறைவே நிறைவு. ஆற்றுவாயின் பாதி உப்புத் தண்ணீரில் துத்தநாகத்தைவிட அலுமினியக் கட்டி நன்றாக வேலை செய்யும்.

ஜெனரேட்டர் வச்சு 230 வோல்ட் கொண்டு வரலாமா?

அதற்குப் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கேளுங்கள். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: 12 வோல்ட் நெகட்டிவுக்குக் கறுப்புக்குப் பதில் மஞ்சள் வயர் போடுங்கள். 230 வோல்ட் வேலையில் கறுப்புக்கு வேறு பொருள் உண்டு, இருட்டில் கை மாறிவிடக் கூடாது.

பெட்ரோல் டாங்கி பக்கத்துல சுவிட்ச் வைக்கலாமா?

வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாதாரண சுவிட்சும் ரிலேயும் தட்டும்போது உள்ளே பொறி பறக்கும். வைத்தே தீர வேண்டுமென்றால் தீப்பொறி வெளிவராத வகை என்று அச்சிட்டதை மட்டும். டீசல் இஞ்சினில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

புது வயரிங் முடிச்சு ரெண்டே மாசம், படகு முங்கிடுச்சு. தூக்கிட்டோம். எதைக் காப்பாத்தலாம்?

அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். உப்பு காய்ந்த பிறகு கழுவினால் பாதிப் பலன்தான். பேட்டரியைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள், முதலில் கழற்றுங்கள், பேட்டரி இருக்கும் அறையைத் திறந்து காற்று போக விட்டுவிட்டு. உப்புத்தண்ணீர் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். உள்ளே தண்ணீர் போன பேட்டரி திரும்ப உதவாது.

ஃபியூஸ் பெட்டியும் மூடி இறுக்கமில்லாத சுவிட்சுகளும் போனவைதான், சிக்கனம் பார்க்க வேண்டாம். ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி, நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துக் காயவைத்து, பிரித்துப் பார்க்கக் கொடுங்கள். தண்ணீருக்குள்ளேயே வாழும் பம்ப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வயரில், பசை வளையம் சரியாகப் பிதுங்கிய லக்குகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஒவ்வொரு வழியிலும் ஒரு முனையை மட்டும் வெட்டி உரித்துப் பாருங்கள். வெள்ளீயம் வெள்ளையாகவே இருந்தால் புது லக் போட்டு மாட்டிவிடலாம். சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் பளபளப்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். வயர் எட்டாமல் போனால் அந்த ஒரு வழியை மட்டும் புதிதாக இழுங்கள். அதற்காகத்தான் முதல் தடவையே ஒவ்வொரு முனையிலும் கையளவு வயரைச் சுருட்டி மிச்சம் விட்டிருக்க வேண்டும்.